மாடிப்படியில் விழுந்தவன்

எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. தாத்தா காலத்து ஓட்டு வீடு. முன்னால் திண்ணை, பக்கத்தில் மாட்டுக் கொட்டகை, ரெண்டு காடு தள்ளி முட்டைக்கோழி ஷெட். ஆனாலும் போன வருஷம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டபோது, "மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டானுங்க" என்றேன். கொஞ்சங்கூடத் தடுமாறவில்லை. முட்டை விலை சொல்வதுபோல் சொன்னேன்.

பையனுக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன். டியூஷன் முடித்துவிட்டு ஸ்கூட்டரில் வந்தவன் புதுச்சத்திரம் சர்வீஸ் ரோட்டில் சறுக்கி விழுந்திருந்தான். காறை எலும்பு முறிவு, தாடையில் தோல் உரிந்திருந்தது, முழங்கையில் தார்ச்சாலையின் பொடி ஜல்லி நாலைந்து ஏறியிருந்தது. அதை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்ட நர்ஸம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். மாடிப்படியில் ஜல்லி எப்படி வந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பொய் வைத்திருந்தேன். வரும் வழியிலேயே மச்சான் போனில் சொல்லிக் கொடுத்திருந்தான்: "மாமா, வண்டில விழுந்தான்னு சொன்னீங்கன்னா ஏ.ஆர்., அதான் ஆக்சிடெண்ட் ரிஜிஸ்டர், போடுவாங்க, ஸ்டேஷனுக்குப் போகும், லைசென்ஸ் கேப்பாங்க. வண்டி உங்க பேர்ல இருக்குது. படியில விழுந்தான்னு சொல்லிப்போடுங்க."

மறுநாள் விடிகாலை வழக்கம்போல ஷெட்டுக்குப் போனேன். கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், காலையில் முதல் வேலை செத்த கோழியை எடுத்து எண்ணுவது. நோட்டில் தேதி போட்டு, ஷெட் நம்பர் போட்டு, மார்ட்டாலிட்டி எத்தனை, தீவனம் எத்தனை மூட்டை, முட்டை எத்தனை என்று எழுத வேண்டும். பத்தாயிரம் கோழி உள்ள ஷெட்டில் ரெண்டு மூணு செத்தால் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். ஏழு எட்டு என்று போனால் டாக்டருக்குப் போன் போகும். அதற்கு மேல் போனால் செத்த கோழியைப் பையில் கட்டிக்கொண்டு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓடுவோம், அறுத்துப் பார்த்து எதனால் செத்தது என்று சொல்லச் சொல்லி. இருபது வருஷமாக அந்த நோட்டில் நான் ஒரு கோழியைக்கூடக் குறைத்து எழுதியதில்லை. குறைத்து எழுதினால் யாருக்கு நட்டம்?

அன்றைக்கு 4 என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடும்போதுதான் உறைத்தது. கோழிக்கு உண்மை எழுதுகிறவன், பெற்ற பிள்ளைக்குப் பொய் எழுதச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஏனுங்க, இது நான் ஒருத்தன் செய்த காரியமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். சேலத்திலும் நாமக்கல்லிலும் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் எத்தனை பிள்ளைகள் இப்படி இல்லாத மாடியிலிருந்து விழுந்திருக்கிறார்கள்? பாத்ரூமில் வழுக்கியவர்கள் எத்தனை பேர், மாடு முட்டியவர்கள் எத்தனை பேர்? லாரிக்காரர்களைப் பாருங்கள். எந்த டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்போது ரீட்ரெடிங் செய்தது, லிட்டருக்கு எத்தனை மைலேஜ், எஃப்.சி. எந்தத் தேதி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ரிக் வண்டிக்காரர் எத்தனை அடியில் பாறை வந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். முட்டை விலையில் ஐந்து பைசா இறங்கினால் ஊரே முகம் சுருங்குகிறது. எல்லாவற்றையும் அளக்கிற ஊர் இது. பிள்ளையை மட்டும் ஒரே ஒரு அளவுகோலால் அளக்கிறோம். அது மார்க்.

அந்தப் பொய்யால் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எலும்பு கூடிவிட்டதே, அப்புறம் என்ன? பிறகு தெரிந்த ஒரு டாக்டரிடம் பேசியபோது அவர் விளக்கினார், அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வண்டியில் விழுகிற பையனுக்கு ஹேண்டில்பாரின் முனை வயிற்றில் குத்தியிருக்கலாம். வெளியே சிறு கன்றல்தான் தெரியும். உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கணையமோ கிழிந்திருக்கலாம், சில மணி நேரம் கழித்துத்தான் முகம் வெளுக்கும். வண்டி, இந்த வேகம், இப்படி விழுந்தான் என்று தெரிந்தால் டாக்டர் வயிற்றை ஸ்கேன் பண்ணிப் பார்ப்பார், ராத்திரி முழுக்க வைத்துக் கவனிப்பார். ரெண்டு படி இறங்கும்போது வழுக்கியவனுக்கு அதெல்லாம் எதற்கு? கட்டுப் போட்டு அனுப்பிவிடுவார். என் பையன் பிழைத்தது என் சாமர்த்தியத்தால் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், காசுக் கணக்கு பார்க்கிறவர்களுக்காக. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகளில் குறிப்பிட்ட தொகை வரை, தமிழக அரசே பணம் கொடுக்கும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. 'நம்மைக் காக்கும் 48' என்று பெயர். மாடிப்படிக்கு அது கிடையாது. பொய்யும் சொல்லி, பில்லும் கட்டிவிட்டு வருகிறோம்.

ஆனால் பெரிய நட்டம் வேறு. நான் சொன்ன பொய்யால் அந்தச் சர்வீஸ் ரோட்டு வளைவில் ஒரு பையன் விழுந்தான் என்பது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. போலீசிடம் இல்லை, ஆஸ்பத்திரியில் இல்லை, பள்ளிக்கூடத்தில் இல்லை. "காய்ச்சல்" என்று லீவு லெட்டர் கொடுத்தது என் வீட்டுக்காரி. அந்த வளைவில் மணல் கொட்டிக் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அடுத்த வாரம் வேறொருத்தர் வீட்டுப் பையன் அதே மணலில் சறுக்கினால், அவனும் எங்கோ ஒரு மாடிப்படியில்தான் விழுவான்.

நம்மிடம் இதற்கெல்லாம் ஒரு வார்த்தை தயாராக இருக்கிறது: விதி. இல்லாவிட்டால், நேரம் சரியில்லை. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற பழைய மருத்துவ இதழ் 2001லேயே, 'ஆக்சிடெண்ட்' என்ற சொல்லை இனிமேல் எங்கள் பக்கங்களில் எழுத மாட்டோம் என்று அறிவித்தது. காயங்களில் பெரும்பாலானவை முன்கூட்டியே சொல்லக்கூடியவை, தடுக்கக்கூடியவை, அப்புறம் என்ன தற்செயல் என்பது அவர்கள் வாதம். நாமோ பிள்ளை தப்பித்தால் நாமக்கல் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துகிறோம். சாத்துங்கள், நானும் சாத்தினேன். பதினெட்டு அடி உயரத்தில் கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிற அவர் நம் ஊர்ப் பிள்ளைகளை எவ்வளவுதான் பார்த்துக்கொள்வார்! கோழி செத்தால் விதி என்று விட்டுவிடாமல் அறுத்துப் பார்க்கிறோமே, அதில் கால்வாசி அக்கறை பிள்ளை விழுந்ததில் இருக்க வேண்டாமா?

அளக்க முடியாத விஷயமா என்றால் அதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து 2003லிருந்து பல நாடுகளில் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தி வந்திருக்கின்றன. பதின்ம வயதுப் பிள்ளைகள்தான் இலக்கு. இந்தியாவில் 2007ல் சிபிஎஸ்இ பள்ளிகளில் நடத்தினார்கள். வகுப்பில் தாளைக் கொடுத்து, பேர் எழுதாதே, உன் பதில் யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிடுவார்கள். கடந்த 12 மாதத்தில் எத்தனை முறை பலத்த காயம் பட்டாய் என்று ஒரு கேள்வி. பலத்த காயம் என்றால் என்ன என்பதையும் அங்கேயே சொல்லியிருப்பார்கள்: ஒரு நாளாவது வழக்கமான வேலை செய்ய முடியாமல் போயிருக்க வேண்டும், அல்லது டாக்டரோ நர்ஸோ பார்க்க வேண்டி வந்திருக்க வேண்டும். பிறகு என்ன காயம், எப்படி வந்தது: எலும்பா, வெட்டா, தலையா, தீயா, விஷமா, வண்டியா, விழுந்ததா, யாராவது அடித்ததா. வைத்தியமே தெரியாதவனும் பதில் சொல்லும்படியான கேள்விகள்.

அந்தத் தாளில் நம்மைப் பற்றியும் கேள்வி உண்டு. பள்ளிக்கூடம் இல்லாத நேரத்தில் நீ என்ன செய்கிறாய் என்பது உன் பெற்றோருக்கு உண்மையிலேயே எவ்வளவு தெரியும்? ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சில நேரம், பெரும்பாலும், எப்போதும். ஐந்தில் ஒன்றைப் பிள்ளை தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் பிள்ளை எதில் டிக் போடும் என்று நினைக்கிறீர்கள்?

நான் அதைச் சோதித்துப் பார்த்தேன். தாளெல்லாம் கொடுக்கவில்லை. கட்டுப் பிரித்த அன்று திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன்.

"டேய், இதுக்கு முன்னால எங்கயாச்சும் விழுந்திருக்கியா?"

"எதுலப்பா?"

"எதுலயோ. வண்டில, கெணத்துல, எங்கயாச்சும்."

"சொன்னா திட்டுவீங்க."

"திட்ட மாட்டன், சொல்லு சாமி."

கொஞ்ச நேரம் காலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "வண்டில இது மூணாவது தடவப்பா."

முதல் தடவை பத்தாவது படிக்கையில். சொசைட்டிக்குப் பால் ஊற்ற எக்ஸ்எல் மொபெட்டில் போனவன் வாய்க்கால் மேட்டில் சரிந்திருக்கிறான். பால் கொட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து மாடு உதைத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறான். அந்த மாட்டை நான் ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. ரெண்டாவது, கூட்டாளியின் பைக்கில் மூணு பேராகப் போய் நாலுவழிச் சாலை ஓரத்தில் விழுந்தது. ஒரு டேங்கர் லாரியின் பின்சக்கரம் ஒரு முழம் தள்ளிப் போனதாம். முட்டியில் இருந்த தழும்புக்கு பி.டி. பீரியடில் விழுந்தேன் என்றிருந்தான். பாருங்கள், அப்பனைவிட நன்றாகப் பொய் சொல்கிறான். இதை எங்கே கற்றான் என்று நான் யாரிடம் கேட்பது?

அந்த எக்ஸ்எல்லுக்கு வருகிறேன். நம் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் ஒன்று நிற்கிறது. 'சின்ன வண்டிதானே' என்று பன்னிரண்டு வயதிலேயே சாவியைக் கொடுக்கிறோம். சட்டத்தைக் கேளுங்கள். 16 வயது முடிந்தவர் கியர் இல்லாத 50 சிசி வரையுள்ள வண்டியைத்தான் லைசென்ஸ் எடுத்து ஓட்டலாம். எக்ஸ்எல் 100 ஏறக்குறைய 100 சிசி. ஸ்கூட்டர்கள் 110, 125. ஆக, பதினெட்டு முடியாத பிள்ளை நம் வீட்டில் நிற்கும் எந்தப் பெட்ரோல் வண்டியையும் தொட வழியில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள 199ஏ பிரிவு இன்னும் நேராகப் பேசுகிறது: மைனர் ஓட்டினால் குற்றவாளி பெற்றோர் அல்லது வண்டிச் சொந்தக்காரர். மூன்று வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான் என்றால் அதை நிரூபிக்க வேண்டியது நாம்தான். பையன் யார் மேலாவது மோதிவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி நட்ட ஈட்டைக் கொடுத்துவிட்டு நம்மிடம் வசூல் பண்ண வரும். காட்டை விற்க வேண்டியிருக்கும்.

சட்டத்துக்குப் பயப்படாதவர்களுக்கு ஒரு கிணற்றுக் கணக்கு. 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிலாவது மோதுவது, 20 அடி உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். 60ல் மோதினால் 46 அடி. நம் காட்டில் தண்ணீர் வற்றிய கிணறு அந்த ஆழம் இருக்கும். அதன் விளிம்பில் பிள்ளை நின்றாலே "டேய் டேய்" என்று கத்துகிற நாம், தினமும் சாவியைக் கையில் கொடுத்து அனுப்புகிறோம், தலையில் ஒன்றும் இல்லாமல். ஹெல்மெட் முழங்கையில் தொங்கும், போலீஸைக் கண்டால் தலைக்கு ஏறும். உலகத்து ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்ததில், ஹெல்மெட் தலைக்காயத்தை 69 சதவீதமும் சாவை 42 சதவீதமும் குறைக்கிறது. வாரை மாட்டினால்தான். சட்டப்படி, தலைப்பாகை கட்டிய சீக்கியர்களைத் தவிர, நாலு வயதுக்கு மேல் யாருக்கும் விலக்கில்லை, பின்னால் உட்கார்கிறவருக்கும் சேர்த்து. பின்னால் உட்கார்கிற நம் பெண்டுகள் எத்தனை பேர் போடுகிறார்கள்? பூ நசுங்கிவிடுமாம்.

இதில் எனக்கு ஆத்திரம் வருவது பெருமை பேசுவதில்தான். "எம் பையன் எட்டாவதுலயே புல்லட் ஓட்டுவானுங்க." கல்யாண மண்டபத்தில் இலை போடும்வரை இதைச் சொல்லிக்கொண்டிருக்கிற அப்பன்மார்களைப் பார்த்திருக்கிறேன். அதே ஆள் மஞ்சள் பஸ்ஸில் அவசரக் கதவு திறக்கவில்லை என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சண்டை போடுவார். 2012ல் சென்னையில் பள்ளி பஸ்ஸின் ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. இன்றும் கோடை விடுமுறையில் எல்லாப் பள்ளி பஸ்ஸையும் மைதானத்தில் வரிசையாக நிறுத்தி ஆர்டிஓ வந்து தரைப்பலகை முதல் தீயணைப்பான் வரை பார்க்கிறார். நல்லது. நம் வீட்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டரை யார் பார்ப்பது?

கும்பகோணம் நினைவிருக்கிறதா? 2004 ஜூலை 16. பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள். நாடே அழுதது, பள்ளிக்கூடங்களின் கீற்றுக் கூரைகள் இறங்கின. ஒரே நாளில், ஒரே கட்டிடத்தில் நடந்ததால் கண்ணுக்குத் தெரிந்தது. 2022ல் இந்தியச் சாலைகளில் இறந்த பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் ஒன்பதாயிரத்துக்கும் மேல். ஏறக்குறைய நூறு கும்பகோணம். அதே வருஷம் நாட்டிலேயே அதிகமாக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்து, 17,884 சாவு. ஒவ்வொருவராக, ஒவ்வொரு ஊராகச் செத்ததால் எந்தக் கூரையும் இறங்கவில்லை. இதில் என் பையன் மாதிரி மாடிப்படியில் விழுந்தவர்கள் சேர்த்தியில்லை.

வண்டியோடு முடிந்துவிட்டதா? தண்ணீர் இருக்கிறது. ஆடி பதினெட்டு வந்தால் மேட்டூரிலிருந்து மோகனூர் வரை காவிரி ஓரம் முழுக்க நம் சனம்தான். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள். கரண்டுக்காகத் தண்ணீரைத் தேக்கித் திறக்கும்போது முழங்கால் ஆழம் மார்பளவாக அதிக நேரம் ஆகாது. கீழே மணல் அள்ளிய குழிகள். ஜேடர்பாளையத்தில் மீன் வறுவல் சாப்பிடப் போகிற நாம், கல்லில் குந்திக்கொண்டு "பக்கத்துலயே குளி" என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்கிறோம்.

எங்கள் காலத்தில் அப்பன் இடுப்பில் சுரைக்குடுவையைக் கட்டிக் கிணற்றில் தள்ளுவார். ஒரு மாதத்தில் நீச்சல் வந்துவிடும். இப்போது போர் போட்டுவிட்டோம், கிணறு பாழ், படிக்கல் உடைந்து கிடக்கிறது. லாரி டியூப் வைத்து மிதக்கத் தெரிந்ததை நீச்சல் என்று நினைக்கிற தலைமுறை இது. பொம்பளைப் பிள்ளைகளுக்கோ அதுவும் இல்லை. "பொட்டப்புள்ளைக்கு நீச்சல் எதுக்கு" என்ற நாமே, ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருத்தி இறங்கி ரெண்டும் போனது என்று பேப்பரில் படித்துவிட்டு உச்சுக் கொட்டுகிறோம். 2021ல் மட்டும் உலகத்தில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைக்குக் கற்றுக் கொடுங்கள்: மூழ்குகிறவனைக் காப்பாற்றத் தண்ணீரில் குதிக்காதே, கயிறோ சேலையோ டியூபோ வீசு, சத்தம் போடு. இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும்.

அடுத்தது காது. தறி ஓட்டுகிற வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் இளம்பிள்ளையிலும் என் சொந்தக்காரர்களே இருக்கிறார்கள். தறிப்பட்டறைக்குள் சத்தம் 95 முதல் 100 டெசிபல் வரை போகும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது அளவு. மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 100க்கு வந்தால் மிச்சம் பதினைந்து நிமிஷம்தான். அந்தப் பட்டறையின் ஓரத்தில் தொட்டில் கட்டி வளர்த்து, பிறகு அதே மூலையில் உட்கார வைத்துப் பாடம் படிக்கச் சொல்கிறோம். போதாததற்குக் காதில் இயர்போன், தறிச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமே. பிறகு பஸ், சேலம் நாமக்கல் பஸ்ஸின் பாட்டுச் சத்தம் உங்களுக்கே தெரியும். பிள்ளை "ஆங்? என்னங்?" என்று ரெண்டு தடவை கேட்டால் திமிர் என்று நினைத்து அறைகிறோம். காது போய்க்கொண்டிருக்கலாம். போன காது திரும்பாது. ஒருமுறை காதுச் சோதனைக்குக் கூட்டிப்போங்கள்.

தூக்கத்தைப் பற்றிச் சொன்னால் பாதிப் பேர் பத்திரிகையை மடித்துவிடுவீர்கள். ராசிபுரம், நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளை 'பிராய்லர் பள்ளி' என்று வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்கிறார்கள். கோழிக்காரன் என்ற முறையில் அதில் எனக்கு ஒரு ஆட்சேபணை. முட்டைக்கோழிக்கு ஒரு நாளில் 16 மணி நேரம் வெளிச்சம், 8 மணி நேரம் கட்டாய இருட்டு. அந்த எட்டு மணி நேரத்தில் ஷெட்டில் யாராவது லைட் போட்டால் நான் சண்டைக்குப் போவேன், முட்டை குறையும். பதின்ம வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நாலரைக்கு எழுப்பிப் பதினொன்றுக்குப் படுக்க வைத்தால் எவ்வளவு ஆகிறது, நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தைத் திட்டாதீர்கள். "அந்த ஸ்கூல்ல பத்தரைக்கே தூங்க விட்டுர்றாங்களாமே" என்று வேறு பள்ளி மாற்றியது நாம்தான்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒன்று தருகிற இரும்புச்சத்து மாத்திரையைச் "சூடு, வேண்டாம்" என்று துப்பச் சொன்ன அம்மாக்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்களைத்தான் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று, மெல்லச் சொல்ல வேண்டியது. தோட்டத்தில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது? என் வீட்டில் மோட்டார் ரூமின் ஜன்னல் திட்டில் இருந்தது, கைக்கெட்டும் உயரத்தில், கதவுக்குப் பூட்டுக்கூட இல்லாமல். அந்த வயதில் மார்க் குறைந்ததோ, நாலு பேர் முன்னால் நாம் திட்டியதோ, ஒரு மணி நேரத்துக்கு உலகமே முடிந்த மாதிரி இருக்கும். அந்த ஒரு மணி நேரம் கழிந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1995லிருந்து இருபது வருஷத்தில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. மனிதர்களின் கஷ்டமா குறைந்தது? கைக்கெட்டும் தூரம்தான் மாறியது. நான் இப்போது இரும்புப் பெட்டி வாங்கிப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரி சிரிக்கிறாள், சிரிக்கட்டும். பிள்ளை பேசாமலே இருந்தால், சாப்பிடாமல் ஒதுங்கினால், மனநல உதவிக்கு 14416க்கோ 104க்கோ போன் போடுங்கள். ராத்திரியானாலும் எடுப்பார்கள், காசு கிடையாது.

என் பண்ணை நோட்டின் பின்பக்கத்தில் இப்போது பையனுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். விழுந்தது, விழ இருந்தது, எந்த இடம், எந்த நேரம், தலையில் என்ன இருந்தது. அவனே எழுதுகிறான். திட்டுவதில்லை என்பது ஒப்பந்தம், ரெண்டு தடவை மீறிவிட்டேன். அதையும் எழுதி வைத்திருக்கிறான். புதுச்சத்திரம் வளைவில் கிடந்த மணலைப் பற்றிப் பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்தேன், "அங்க யாரும் விழுந்ததா ரிப்போர்ட் இல்லீங்களே" என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது. ஆனால் ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்க நேர்ந்தால், டூட்டி டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு எப்படி அடிபட்டது என்று கேட்டால், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுங்கள். எந்த ரோடு, எந்த வண்டி, யார் ஓட்டியது, சாவி யார் கொடுத்தது என்பதுவரை.